எதற்கெடுத்தாலும் ரீசெட்டா?

எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் போன வாரம் தம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடிக் கிடந்தது. கணினி மெதுவாக ஓடுகிறதே என்று சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைத் தம்பி பின்மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆன்ட்டி, ஃபேக்டரி ரீசெட் போட்டுட்டா போதும், புதுசு மாதிரி ஆயிடும்" என்றிருக்கிறார். மறுநாள் கணினியைக் கையில் கொடுத்து எண்பது வெள்ளி வாங்கிக்கொண்டார்.

வெள்ளி போனது, வேகம் வரவில்லை. பழையபடியே திணறியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளி நாடகங்களுக்காக, தமிழ்மொழி மாதத்துக்காக, பல ஆண்டுகளாக டீச்சர் தட்டச்சு செய்து வைத்திருந்த கோப்புகளைத் திறந்தால், ஒரு பக்கத்தில்கூடத் தமிழ் இல்லை. மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நின்றன. கோப்புகளை ஒரு தம்ப் டிரைவில் எடுத்து வைத்துத் திருப்பிப் போடும் அளவுக்குக் கடைத் தம்பிக்குப் பொறுப்பு இருந்தது, மறுக்கவில்லை. அந்தக் கோப்புகள் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டவை, அந்த எழுத்துரு கணினியில் எங்கே இருக்கிறது, ரீசெட் போட்டால் அது என்ன ஆகும் என்று கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அந்தத் தம்பி ஒருவர்மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. இந்த ஊரில் யாரிடம் போனாலும் இதே மருந்துதான் கிடைக்கிறது. வைஃபை விட்டுவிட்டு வருகிறதா, ரீசெட். பேட்டரி நிற்கவில்லையா, ரீசெட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா, அதற்கும் ரீசெட். அலுவலக உதவி மேசையில் இருப்பவர் சொல்கிறார், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் சொல்கிறான், வாட்ஸ்அப் குழுவில் மாமா சொல்கிறார். காய்ச்சல் என்று வந்தவருக்கு மொட்டையடித்து அனுப்பும் வைத்தியம் இது. தலை பளபளவென்று இருக்கும், காய்ச்சல் அப்படியே இருக்கும்.

ரீசெட் என்ன செய்யும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. நீங்கள் நிறுவிய மென்பொருள்களை எடுத்துவிட்டு, நீங்கள் செய்த அமைப்புகளையெல்லாம் கலைத்துவிட்டு, இயங்குதளத்தை மறுபடி போடும். "எல்லாவற்றையும் நீக்கு" என்று சொன்னால் உங்கள் கோப்புகளும் போகும். "கோப்புகளை வைத்துக்கொள்" என்று சொன்னாலும் எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், பிரிண்டர் அமைப்பு எல்லாம் போய்விடும். அது துடைக்கும் வேலை. எது பழுது என்று அது தேடாது, கண்டுபிடிக்காது, சொல்லவும் சொல்லாது. பழுது மென்பொருளில் இருந்தால் தற்செயலாகச் சரியாகலாம். இரும்பிலும் கம்பியிலும் இருந்தால் ஆயிரம் முறை ரீசெட் போட்டாலும் அசையாது.

டீச்சரின் கணினியைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினேன். விசிறிக்கும் அதன் காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தூசி தடித்த படலமாகப் படிந்து வழியை அடைத்திருந்தது. வீட்டில் சாம்பிராணி போடுகிறவர், சன்னலைத் திறந்தே வைக்கிறவர். நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் தூசி ஒட்டாமல் என்ன செய்யும்? பிராசஸருக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே தடவியிருந்த பசை காய்ந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். போதாததற்கு உள்ளே இருந்தது சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டிஸ்க்' என்ற கட்டம் நூறு விழுக்காட்டில் சிவந்து நின்றது. டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்த்தால், கெட்டுப்போய் ஒதுக்கிவைக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் அது. அதன்மேல் முழு விண்டோஸையும் புதிதாக எழுத வைத்திருக்கிறார்கள்! அந்த இரவே அது மொத்தமாக நின்றுபோயிருந்தால் யார் பதில் சொல்வது?

ஒரு தூரிகை, கொஞ்சம் பசை, ஓர் எஸ்எஸ்டி. தேவைப்பட்டது அவ்வளவுதான். மூன்றும் சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கும். தேக்காவிலிருந்து நடந்தே போய் வாங்கிவிடலாம்.

ரீசெட்டில் ஏதோ புனிதம் இருப்பதாக நம்புகிறவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 4-ஐ நினைவுபடுத்த விரும்புகிறேன். மாணவர்களின் கற்றல் சாதனங்களை மேலாண்மை செய்யப் பள்ளிகள் பயன்படுத்திய மொபைல் கார்டியன் என்ற செயலிக்குள் யாரோ ஊடுருவினார்கள். சிங்கப்பூரில் மட்டும் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லா ஐபேட்களிலிருந்தும் குரோம்புக்குகளிலிருந்தும் எடுத்துவிட உத்தரவிட்டது. பள்ளிகளுக்குத் தொழில்நுட்பக் குழுக்களை அனுப்பியது. ஊடுருவியவர் மாணவர்களின் கோப்புகளைப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்றும் அறிவித்தது. திருட்டு இல்லை, வைரஸும் இல்லை; வெறும் துடைப்பு. அதற்குத்தான் நாடே பதறியது.

13,000 சாதனங்கள். ஒவ்வொன்றும் சுத்தமாக, பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்தபடி. ரீசெட் ஒரு மருந்து என்றால் ஆகஸ்ட் 5 காலையில் அந்த 13,000 வீடுகளிலும் மகிழ்ச்சி பொங்கியிருக்க வேண்டுமே? ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும் நேரம். காப்புப் பிரதி எடுத்து வைக்காத பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் போய்விட்டன. முகம் தெரியாத ஒருவர் ஒரே இரவில் செய்தால் அதற்குப் பெயர் தாக்குதல். கடைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்தால் பழுதுபார்ப்பா? பாதிக்கப்பட்டவருக்கு இரண்டிலும் ஒரே இழப்புதான். கடையில் அதற்குக் காசும் கொடுக்கிறார்.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் இன்னொரு பாடம் உலகத்துக்கே நடந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் எழுதிப் பயணிகளைப் பதிவு செய்தன. அதற்கான தீர்வு என்ன? கணினியை சேஃப் மோடில் திறந்து, கெட்டுப்போன அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டு, மறுபடி இயக்குவது. ஒரே ஒரு கோப்பு. பழுது எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தவர்கள் உலகில் இருந்ததால் அந்தக் கணினிகளில் இருந்த வேலையெல்லாம் தப்பியது. நம் கடைத் தம்பியிடம் அந்த 8.5 மில்லியனையும் கொடுத்திருந்தால் அத்தனையையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

'ஃபேக்டரியிலிருந்து வந்தபடி' என்றால் அப்பழுக்கற்றது என்று யார் சொன்னது? 2014-ன் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஆலையிலேயே போடப்பட்டிருந்தது. நீங்கள் பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் விளம்பரம் நுழைப்பதற்காக, பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்பையே இடைமறித்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. அந்தச் சாவியையும் ஆய்வாளர்கள் எளிதில் எடுத்துவிட்டார்கள். 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. 2017-ல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துடன் நிறுவனம் சமரசத்துக்கு வர வேண்டியிருந்தது. அந்தக் கணினியின் மீட்புப் பகுதியிலிருந்து ஃபேக்டரி ரீசெட் போட்டால் எது திரும்பி வரும்? கஷ்டப்பட்டு எடுத்த சனியன்தான் திரும்பி வரும். சூப்பர்ஃபிஷ் அளவுக்குப் போக வேண்டாம். முப்பது நாள் மட்டும் இலவசமான ஆன்டிவைரஸ், கேட்காமல் வந்த விளையாட்டுகள், பதிவு செய் பதிவு செய் என்று நச்சரிக்கும் நிறுவனச் செயலி என்று ஆலை வைத்த குப்பையும் அந்தப் பொன்னான முதல்நாள் நிலையில் அடக்கம். கணினிக்குச் சொந்தக்காரர் பார்த்துப் பார்த்துச் செய்த ஒழுங்கைக் கலைத்துவிட்டு, விற்றவர் வைத்த குப்பையை மறுபடி கொட்டுகிறோம்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது தமிழ் விஷயத்தில்தான். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் ஏற்ற நம்மவர்கள் பட்ட பாடு இந்த ஊருக்குத் தெரியும். ஏனென்றால் அதில் பாதி வேலை இங்கே நடந்தது. இங்கே வாழ்ந்த எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ்க் கணிமுறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது, அதில் தமிழ்க் கவிதையும் தமிழ் எழுத்திலேயே ஏறியது. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு இங்கேதான் கூடியது. தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு 2000-ல் பிறந்ததும் இங்கேதான். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், அப்புறம் டிஸ்கி, தமிழ்நாட்டு அரசின் டேம், டேப் என்ற எழுத்துக் குறியீடுகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் காலத்தில் அடித்த கோப்புகளில் தமிழ் எழுத்துகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில்தான் உட்கார்ந்திருந்தன. அதற்கான எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் டீச்சர் பார்த்ததுதான் தெரியும்.

எந்த ஆலையும் அந்த எழுத்துருக்களைக் கணினியில் போட்டு அனுப்பியதில்லை. சொந்தக்காரர்தான் தேடி வாங்கி, நண்பரிடம் கேட்டு, டிஸ்கெட்டிலும் சிடியிலும் சுமந்து, கணினி மாற்றும்போதெல்லாம் எழுத்துருவையும் கூடவே எடுத்துப் போய்ப் போட்டார். நம் கோயில் நிர்வாகங்களின் பழைய அறிக்கைகள், சங்கங்களின் ஆண்டு மலர்கள், வீட்டில் அப்பா எழுதிவைத்த வரலாறு, வானொலிக்கு அனுப்பிய கதை என்று எத்தனையோ பேர் வீட்டில் எத்தனையோ இப்படிக் கிடக்கின்றன. எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. தெரிந்தவர் கைபட்டால் அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். டீச்சரின் நாடகங்களையும் அப்படித்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் புள்ளி வைத்த எழுத்துகளைப் பார்த்து, கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு தலைமுறை அரும்பாடுபட்டுச் சேர்த்ததை, காரணம்கூடக் கேட்காமல், அரை மணி நேரத்தில் துடைப்பதை நான் சேவை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதற்கும் ரீசெட் போடும் இதே ஆட்கள், உண்மையிலேயே துடைக்க வேண்டிய இடத்தில் துடைப்பதில்லை. கணினியை விற்கும்போதும் அதே ரீசெட்டைப் போட்டுவிட்டு, எல்லாம் அழிந்தது என்று கை கழுவுகிறார்கள். பழைய சுழலும் டிஸ்க்கில் மேலோட்டமாகப் போட்ட ரீசெட், கோப்பின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்குமே ஒழிய, எழுதியதெல்லாம் அப்படியே கிடக்கும். எம்ஐடியில் இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-ல் எழுதினார்கள். வேலை செய்த 129-ல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்தது. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ல் மூடப்படும்வரை அங்கே பாய் விரித்து வைத்திருந்த பழைய கணினிகளை வாங்கியவர்கள் எத்தனை குடும்பங்களின் படங்களைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. இப்போது அந்த வியாபாரம் கைப்பேசிக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஊழியர் தம்பிகள், ஊரில் படிக்கும் தங்கைக்காகப் பழைய லேப்டாப் வாங்கி அனுப்புகிறார்கள். அதில் முன்பு வைத்திருந்தவரின் மிச்சம் மீதி இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? புதிய கணினிகளில் கதை தலைகீழ். எஸ்எஸ்டியும் தானாகப் போடப்படும் குறியாக்கமும் இருப்பதால், தவறுதலாகத் துடைத்ததை எந்தக் கொம்பனாலும் பெரும்பாலும் மீட்க முடியாது. ஆக, போக வேண்டியது போவதில்லை. இருக்க வேண்டியது இருப்பதில்லை. இரண்டுக்கும் இவர்களிடம் இருப்பது ஒரே பொத்தான்.

மோசடிக்காரர்களின் செயலி கைப்பேசியில் ஏறிவிட்டால் போலிஸே ரீசெட் போடச் சொல்கிறதே என்று சிலர் கிளம்புவார்கள். அந்த அறிவுரையை ஒழுங்காகப் படிக்கட்டும். முதலில் ஃபிளைட் மோடுக்கு மாற்றச் சொல்கிறது. ஆன்டிவைரஸ் சோதனை செய்யச் சொல்கிறது. வேறொரு சாதனத்திலிருந்து வங்கிக் கணக்கையும் சிங்பாஸையும் பார்க்கச் சொல்கிறது. புகார் கொடுக்கச் சொல்கிறது. ரீசெட் அதற்கெல்லாம் பிறகு, கூடுதல் முன்னெச்சரிக்கையாக வருகிறது. கடைசியில் நிற்கும் அதை முதலில் இழுத்து வைத்துக்கொண்டால், வங்கியில் பணம் போய்க்கொண்டிருக்கும்போது நீங்கள் உட்கார்ந்து கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ரீசெட்டுக்குப் பிறகும் சரியாகாத கணினிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று தீர்ப்பு வந்துவிடும். தூசி அடைத்த விசிறி, மாற்றினாலே போதுமாக இருந்த டிஸ்க், எல்லாம் குப்பைக்குப் போகும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி இந்தச் சின்னத் தீவு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவைத் தள்ளுகிறது. 2021 ஜூலை 1 முதல் தயாரிப்பாளர்களே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பேட்டைதோறும் சேகரிப்புப் பெட்டிகள் இருக்கின்றன. பெட்டி வைத்தது நல்லது. அந்தப் பெட்டிக்குள் விழும் லேப்டாப்களை யாராவது ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் பல இன்னும் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது வேறு, தூக்கிப்போட இன்னொரு சாக்காகிவிட்டது.

பிள்ளைகளுக்கும் இந்த ரீசெட் பழக்கத்தையே கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குக் கவலை. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்ற இலக்கை அமைச்சு 2028-லிருந்து 2021-க்கு முன்கொண்டுவந்து நிறைவேற்றியது. கையில் சாதனம் இருக்கிறது. அது மெதுவானால் காரணம் தேடு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது டிஸ்க்கைத் தின்கிறது என்று பார், கையை வைத்துச் சூட்டைப் பார், முக்கியமானதை இரண்டு இடத்தில் வை என்று வீட்டில் எத்தனை அப்பாக்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்? "ரீசெட் போட்டுடு" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த 13,000 பேரில் குறிப்புகளைத் தனியே எடுத்து வைத்திருந்த பிள்ளைகள் மறுநாளே படிக்க உட்கார்ந்திருப்பார்கள். எடுத்து வைக்காத பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துடைப்பு என்பது சாதாரணம் என்று நாம்தானே பழக்கினோம்?

கடைகளில் விலைப்பட்டியல் தொங்குகிறது. ஃபார்மட்டிங் இவ்வளவு, விண்டோஸ் போட இவ்வளவு, திரை மாற்ற இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பழுது எது என்று பார்த்துச் சொல்ல இவ்வளவு என்று ஒரு வரி பல இடங்களில் இல்லை. அது நேரம் பிடிக்கும் வேலை, திருகைக் கழற்ற வேண்டும், யோசிக்க வேண்டும். அதற்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் முறைப்பார் என்று கடைக்காரர் நினைக்கிறார். முறைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும்தான் சொல்கிறேன். துடைப்பதற்கு எண்பது வெள்ளி கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவர், திறந்து பார்க்க முப்பது வெள்ளி என்றால் எதற்கு என்கிறார். அந்த வரியைப் பட்டியலில் முதலாவதாக எழுதி வைக்கும் கடை தேக்காவில் ஒன்று வரட்டும். எங்கள் புளோக்கில் இருக்கும் பழைய லேப்டாப் அத்தனையையும் நானே சுமந்துகொண்டு போய் அந்தக் கடையில் கொடுக்கிறேன்.